ஒரே நோயாளியை வைத்து தியரி, யோசனை, பேச்சு மூன்றையும் கற்பது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பி.எஸ்சி நர்சிங் முதல் வருடத்தில் தியரி வகுப்பு ஆரம்பித்த உடனே எல்லாருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான். நைட்டிங்கேல், ஹெண்டர்சன், ஓரம், ராய் என்று நர்சிங் தியரி எழுதியவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து விவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒப்பித்துவிட்டு வந்தால் போதாதா, வார்டில் இதற்கெல்லாம் என்ன வேலை? கேள்வி நியாயமானது. தியரியை ஒரு பேப்பராகவும், கிரிட்டிக்கல் திங்கிங்கை இன்னொரு யூனிட்டாகவும், கம்யூனிகேஷனை வேறொரு பாடமாகவும் தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே வறண்டு போய்த்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு மூன்றையும் அவர்மேல் வைத்துப் பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தியரி சொல்கிறது, பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று யோசனை சொல்கிறது, அந்த அர்த்தத்தை ஏதாவது செய்யக்கூடியவர் காதுக்குக் கொண்டு போவது பேச்சு. இதில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் வீண்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. இரண்டாம் வருட போஸ்டிங்கில், வயிற்று அறுவை முடிந்து ஒரு நாளான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி வாக்கில் அவர் அடிக்கடி புரண்டு படுத்தார், முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை சில்லென்று இருந்தது. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டாஃப் நர்ஸிடம் போய், “சிஸ்டர், அந்தம்மா ஒரு மாதிரி இருக்காங்க” என்றேன். நாற்பது நோயாளிகளுக்கு இரண்டே பேர் டியூட்டியில் இருந்த வார்டு அது. “சரிம்மா, பார்க்கறேன்” என்றார். ஒரு மணிக்கு எங்கள் போஸ்டிங் முடிந்து பஸ் ஏறிவிட்டோம். அன்று சாயங்காலம் அந்த அம்மாவை உள்ளே ரத்தக் கசிவு என்று மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் சொன்ன அந்த “ஒரு மாதிரி” இன்றுவரை என்னை விடவில்லை. பல்ஸ் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, காலையில் எவ்வளவு இருந்தது என்று மூன்று எண்ணைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த சிஸ்டர் அந்த நிமிடமே எழுந்து வந்திருப்பார். கவனிக்க எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நோயாளிதான். நான் பார்த்த பல பேரைச் சேர்த்து உருவாக்கிய ஆள் இவர். 54 வயது, தையல்காரர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே புண் வந்து, மூன்று நாள் முன்னால் டிப்ரைட்மென்ட் (புண்ணில் கெட்டுப்போன திசுவை வெட்டிச் சுத்தம் செய்வது) முடிந்து ஆண்கள் சர்ஜிகல் வார்டில் படுத்திருக்கிறார். நீங்கள் காலை ஷிஃப்ட் மாணவர்.

படி 1: படுக்கைக்குப் போகும் முன் ஒரு தியரியைத் தேர்ந்தெடுங்கள்

தியரி என்றதும் பயப்பட வேண்டாம். நர்சிங்கில் எந்தத் தியரியை எடுத்தாலும் நான்கு விஷயங்களைப் பற்றித்தான் பேசும்: மனிதர், சூழல், ஆரோக்கியம், நர்சிங். இதைத்தான் மெட்டாபாரடைம் என்கிறோம். இந்த நான்கில் எதன்மேல் அழுத்தம் வைக்கிறார் என்பதில்தான் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள்.

1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்குப் போன நைட்டிங்கேலின் கண் சூழல் மேலே விழுந்தது: காற்று, வெளிச்சம், சுத்தமான தண்ணீர், சாக்கடை, படுக்கை. ஹெண்டர்சன் மனிதருக்கு 14 அடிப்படைத் தேவைகள் என்று பட்டியல் போட்டார், மூச்சில் தொடங்கி, சாப்பாடு, கழிவு, தூக்கம் என்று போய் வழிபாடு, வேலை, கற்றல் வரைக்கும். பெப்லாவ் 1952-ல் நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே வளர்கிற உறவையே சிகிச்சையாகப் பார்த்தார், அதனால் மனநல வார்டில் அவர் பெயர் அதிகம் கேட்கும். உடம்போ வாழ்க்கையோ மாறிவிட்ட ஒருவர் அந்த மாற்றத்துக்கு எப்படித் தன்னைப் பழக்கிக்கொள்கிறார் என்று ராய் பார்த்தார். கால் எடுக்கப்பட்டவர், ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) வைத்தவர் என்றால் ராய் நன்றாகக் கைகொடுப்பார்.

நம் தையல்காரருக்கு நான் எடுப்பது டொரோத்தியா ஓரம். 1971-ல் புத்தகமாக வந்த அவருடைய கருத்தின் மையம் எளிமையானது: ஒவ்வொருவரும் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடிந்தவர்தான். அந்தத் திறனைவிடத் தேவை அதிகமாகிற இடத்தில் பற்றாக்குறை வருகிறது, அந்தப் பற்றாக்குறையை நிரப்பவே நர்ஸ் வருகிறார். முழுவதும் நாமே செய்வது, பாதி நாம் பாதி அவர், அவரே செய்ய நாம் சொல்லிக்கொடுத்துத் துணையாக நிற்பது என்று மூன்று விதமாக நிரப்பலாம். சர்க்கரை நோய் என்பது வாழ்நாள் முழுக்கத் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் என்பதால் ஓரம் இங்கே சட்டை தைத்த மாதிரிப் பொருந்துகிறார்.

கேஸ் ஸ்டடியில் ஓரம் எங்கே பிறந்தார், எங்கே படித்தார் என்று ஒரு பக்கம் எழுதுவதை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் நோயாளி இருக்கட்டும்.

படி 2: கேள்விகளைத் தியரியிலிருந்து எடுங்கள்

ஓரம் எல்லா மனிதருக்கும் பொதுவான எட்டுத் தேவைகள் சொல்கிறார்: காற்று, தண்ணீர், உணவு, கழிவு, உழைப்புக்கும் ஓய்வுக்கும் நடுவே சமநிலை, தனிமைக்கும் பழக்கத்துக்கும் நடுவே சமநிலை, ஆபத்திலிருந்து காப்பு, சராசரி மனித வாழ்க்கை. இவை தவிர வயதோடு வருகிற தேவைகளும் நோயோடு வருகிற தேவைகளும் உண்டு. இந்த எட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள், ஸ்டூல் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் “ஆமாம்மா” என்றுதான் சொல்வார்கள். அது விசாரிப்பு, அசெஸ்மென்ட் ஆகாது. “ஐயா, காலையில எத்தனை இட்லி சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். “அரை இட்லிதாம்மா, வாய்க்குப் பிடிக்கல” என்று வரும். அந்த அரை இட்லி உங்களுக்குத் தகவல், ஏனென்றால் இன்சுலின் ஏழரைக்கே போட்டாகிவிட்டது. “யூரின் போகுதா?” என்பதற்குப் பதிலாக “கடைசியா எப்ப போனீங்க?” என்று கேளுங்கள். “ராத்திரி போனதுதான்.” இதுவும் தகவல்.

அப்புறம் ஆபத்திலிருந்து காப்பு. புண் எப்படி வந்தது? அவருக்கே சரியாகத் தெரியாது, ஒருநாள் செருப்பில் ஈரம் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். தையல் மெஷினை எப்படி மிதிப்பீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். வெறுங்காலில், வலது பாதத்தின் முன்பக்கத்தால், நாள் முழுக்க. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதம், அதன்கீழே இரும்பு மிதி. எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது வரவே வராது, கேட்டால்தான் வரும். ஆபத்திலிருந்து காப்பு என்று ஒரு வரி உங்கள் சீட்டில் இல்லாவிட்டால் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்குமா? தியரி செய்கிற வேலை இதுதான்.

படி 3: எண்ணுங்கள், நிஜமாகவே எண்ணுங்கள்

எந்த வார்டில் டிபிஆர் சார்ட்டை (சூடு, பல்ஸ், மூச்சு எழுதும் தாள்) எடுத்துப் பார்த்தாலும் மூச்சு எண்ணிக்கை பெரும்பாலும் எல்லாருக்கும் 20 என்றே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணாமல் எழுதினால் அப்படித்தான் வரும். உடம்பு கெடத் தொடங்கும்போது பிரஷருக்கு முன்பே மாறக்கூடியது இந்த மூச்சு, நாம் எண்ணாமல் விடுவதும் இதைத்தான். பல்ஸ் பார்த்து முடித்தாலும் கையை விடாமல் மணிக்கட்டைப் பிடித்தபடியே முழுதாக ஒரு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். நாம் மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்.

நம் ஐயாவுக்குக் காலை ஆறு மணிக்கு: பல்ஸ் 86, மூச்சு 18, பிரஷர் 124/78, சூடு 99 டிகிரி, ஆக்சிஜன் அளவு 97. பத்து மணிக்கு நீங்கள் எடுத்தது: பல்ஸ் 108, மூச்சு 22, பிரஷர் 106/68, சூடு 101, ஆக்சிஜன் 95. இதில் எந்த ஒரு எண்ணையும் தனியாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். காய்ச்சல் இருக்கிறது, அதனால் பல்ஸ் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று போய்விடுவார்கள்.

இங்கே ஒரு கருவி உதவும். லண்டனில் இருக்கும் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ என்கிற எச்சரிக்கை மதிப்பெண். ஒவ்வொரு அளவும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண். இவருக்கு மூச்சு 22-க்கு 2, ஆக்சிஜன் 95-க்கு 1, பிரஷர் 106-க்கு 1, பல்ஸ் 108-க்கு 1, சூட்டுக்கு 1. மொத்தம் 6. காலையில் இதே மனிதருக்கு 0. கூட்டுத்தொகை 5 தொட்டாலே உடனே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும், 7 தொட்டால் அவசர நிலை என்பது அந்த முறையின் கணக்கு. உங்கள் வார்டில் இந்தச் சார்ட் இல்லாவிட்டாலும் உங்கள் நோட்டில் நீங்கள் போட்டுப் பார்க்க யார் தடை சொல்லப்போகிறார்கள்?

படி 4: “வேறென்னவா இருக்கலாம்?”

கிரிட்டிக்கல் திங்கிங்குக்கு எத்தனையோ வரையறை படித்திருப்பீர்கள். வார்டில் அது இந்த ஒரு கேள்விதான். முதலில் தோன்றும் பதிலோடு நிற்காமல் இன்னும் இரண்டு பதிலாவது தேடுவது.

ஐயா சோர்ந்து கிடக்கிறார், வேர்க்கிறது, பல்ஸ் கூடியிருக்கிறது. அரை இட்லி, ஆனால் முழு இன்சுலின். முதலில் எது தோன்ற வேண்டும்? சர்க்கரை இறங்கியிருக்கலாம். அது நிமிடங்களில் ஆளைச் சாய்க்கக்கூடியது, ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும், அதனால் அதுதான் முதல். ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லிவிட்டுக் குளுக்கோமீட்டரில் பார்க்கிறீர்கள்: 268. இறங்கவில்லை, சரியாகச் சாப்பிடாமலேயே ஏறியிருக்கிறது. சரி, அந்தக் கதவு மூடிவிட்டது. அடுத்தது வலியாக இருக்குமா? வலி பல்ஸைக் கூட்டும், ஆனால் 101 டிகிரி சூட்டை வலி தராது. ரத்தக் கசிவு? கட்டைப் பாருங்கள், நனைந்திருக்கிறதா, கீழே விரிப்பில் கறை உண்டா? ரத்தம் இல்லை, ஆனால் நாற்றம் அடிக்கிறது, கணுக்கால் வரை சிவந்து சூடாக இருக்கிறது, நேற்று பாதத்தோடு நின்றிருந்தது. காய்ச்சல், வேக மூச்சு, இறங்கும் பிரஷர், வராத சிறுநீர், ஏறும் சர்க்கரை, பரவும் சிவப்பு. எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகிறது: புண்ணின் தொற்று உடம்பு முழுக்கப் பரவத் தொடங்கியிருக்கலாம், செப்சிஸ்.

கிறிஸ்டின் டானர் 2006-ல் நர்ஸின் முடிவெடுக்கும் விதத்தை நான்காகப் பிரித்தார்: கவனிப்பது, பொருள் கொள்வது, செயல்படுவது, பிறகு திரும்பி யோசிப்பது. நீங்கள் இப்போது இரண்டாவதைத் தாண்டியிருக்கிறீர்கள். பத்து வருட அனுபவம் உள்ள சிஸ்டர் இதையெல்லாம் கட்டிலருகே வந்த உடனேயே பார்த்துவிடுவார், உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதில் குறை ஒன்றும் இல்லை. புதியவர் விதியைப் பிடித்துத்தான் நடப்பார், அனுபவசாலி முழுச் சூழலையும் ஒரே பார்வையில் படிப்பார் என்பதைத்தான் பாட்ரிசியா பென்னர் 1984-ல் ஐந்து நிலைகளாக எழுதினார்.

கேர் பிளான் பற்றி ஒரே ஒரு விஷயம். செப்சிஸ் என்று நர்சிங் டயக்னோசிஸ் (நர்ஸ் தானே கையாளக்கூடிய பிரச்சினையின் பெயர்) எழுதாதீர்கள். அது மருத்துவரோடு சேர்ந்து கையாளும் பிரச்சினை, நம் வேலை அதைக் கண்காணித்துத் தெரிவிப்பது. நாம் எழுதும் டயக்னோசிஸில் பிரச்சினை, காரணம், சான்று மூன்றும் வர வேண்டும்: திசு சேதம், உணர்ச்சி குறைந்த பாதத்தின்மீது தொடர்ந்த அழுத்தத்தால், இத்தனை சென்டிமீட்டர் புண்ணும் கசிவும் சான்று. சான்று இல்லாத டயக்னோசிஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்பது படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படி 5: அரை நிமிடத்தில் சொல்லுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் விழுகிறோம், நான் விழுந்த மாதிரி. இதற்கு ‘எஸ்பார்’ என்றொரு வரிசை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ அமைப்பு வழியாக மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். நான்கே நான்கு.

மாணவர் நேராக டாக்டருக்குப் போன் போடக் கூடாது, போன் ஆர்டரும் எடுக்கக் கூடாது. முதலில் ஸ்டாஃப் நர்ஸ். அவர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் கை நிற்கும்வரை ஒரு நொடி பொறுங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு தவறுக்குக் காரணமாகிவிடலாம். அப்புறம் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி:

“சிஸ்டர், பெட் 12 ஐயாவை இப்பவே பார்க்கணும். பல்ஸ் 108, மூச்சு 22, பிரஷர் 106/68, சூடு 101, சாச்சுரேஷன் 95. ஆறு மணிக்கு பல்ஸ் 86, பிரஷர் 124 இருந்தது. டயபட்டிக் ஃபுட், டிப்ரைட்மென்ட் முடிஞ்சு மூணாவது நாள். ராத்திரியில இருந்து யூரின் போகல, சுகர் 268, சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருக்கு, கட்டு நாறுது. இன்ஃபெக்‌ஷன் பரவுதோன்னு பயமா இருக்கு சிஸ்டர். நீங்க வந்து பார்த்துட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடணும். நான் கால் மணிக்கு ஒருதடவை வைட்டல்ஸ் எடுத்துட்டு இருக்கட்டுமா?”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலர் விட்டுவிடுவது கடைசி இரண்டு பகுதிகளை. நாம் மாணவர், நம் கருத்தை யார் கேட்பார்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல நாம் யார் என்ற கூச்சம். உங்களிடம் யாரும் மருத்துவ டயக்னோசிஸ் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, காரணம் இது, வந்து பாருங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அறைத் தோழிகளோடு ராத்திரி இதைச் சொல்லிப் பழகுங்கள். முதல் பத்து தடவை நாக்கு குழறும், பரவாயில்லை.

சிஸ்டர் டாக்டரிடம் பேசும்போது பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். பிளட் கல்ச்சர், டிரிப், ஆன்டிபயாடிக் மாற்றம் என்று ஆர்டர் வந்தால் அவர் எழுதிக்கொண்டு அதைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்கிறாரா என்று பாருங்கள். நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டிய பழக்கம் அது. பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் போனில் ஒரே மாதிரிக் காதில் விழும், அதனால் “ஒன் ஃபைவ்”, “ஃபைவ் ஜீரோ” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

படி 6: காதில் வாங்காவிட்டால்

“காய்ச்சல்தானே, பாராசிட்டமால் கொடுத்திருக்கு, பார்க்கலாம்” என்று பதில் வரலாம். அவர்மேல் கோபப்படாதீர்கள், அவர் தலையில் எத்தனை பெட் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் திரும்பியும் வந்துவிடாதீர்கள். கவலையாக இருக்கிறது, மனசு ஒப்பவில்லை, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை என்று மூன்று படியாகக் குரலை உயர்த்தாமல் அழுத்தத்தை உயர்த்தும் முறை ஒன்று உண்டு. நம் பேச்சில் அது இப்படி வரும்: “சிஸ்டர், எனக்கு இன்னும் கவலையா இருக்கு, கால் மணியில பிரஷர் மறுபடி 98-க்கு இறங்கிடுச்சு. அவரை இப்படியே விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் வாங்க.” இரண்டு தடவை சொல்லியும் அசையாவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டரிடமோ உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமோ போங்கள். போகும்போது, “நான் மேடத்துகிட்டயும் சொல்லிடறேன் சிஸ்டர்” என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள், முதுகுக்குப் பின்னால் போன மாதிரி ஆகாது.

படி 7: எழுதுங்கள்

“நோயாளி நலமாக உள்ளார்” என்ற வரியால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. பார்த்ததை, எண்ணியதை, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். 10.00 வைட்டல்ஸ், 10.10 ஸ்டாஃப் நர்ஸிடம் தெரிவித்தது, 10.20 டாக்டருக்குச் சொன்னது, 10.35 அவர் வந்து பார்த்தது. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், மேலேயே திருத்தி எழுதாதீர்கள். மாணவர் எழுதியதில் ஸ்டாஃப் நர்ஸின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

படி 8: நடுவில் அவரை மறந்துவிடாதீர்கள்

இத்தனை ஓட்டத்திலும் கட்டிலில் ஒரு மனிதர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “என்னம்மா, காலை எடுத்துடுவாங்களா?” என்று அவர் மெதுவாகக் கேட்பார். நம் வாயில் உடனே வருவது “ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க”. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். நமக்கே தெரியாததை வாக்குக் கொடுக்கிறோம், அவரும் அதற்குமேல் பேசமாட்டார். “அதை நினைச்சுத்தான் பயமா இருக்கா ஐயா?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மெஷினை யார் மிதிப்பார்கள், தீபாவளி ஆர்டர் என்ன ஆவது, மகள் கல்லூரிக் கட்டணம் என்று வரும். “டாக்டர் இப்ப வர்றார், நீங்க கேட்டதை நானே அவர்கிட்ட சொல்றேன். நான் இங்கதான் இருக்கேன்” என்பது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு. ஐடா ஜீன் ஓர்லாண்டோ 1961-லேயே எழுதினார்: நோயாளியின் நடத்தைக்கு நாம் கொள்ளும் அர்த்தம் சரிதானா என்று அவரிடமே கேட்டுப்பார்க்க வேண்டும் என்று. “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவருக்கு நிஜமாகவே ஒன்றுமில்லையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இன்னொன்று, அவரை “பெட் 12” என்று அவர் காதுபடக் கூப்பிடாதீர்கள். ஸ்டாஃபிடம் அடையாளத்துக்குச் சொல்வது வேறு.

படி 9: டிஸ்சார்ஜுக்கு முன்னால் மறுபடி ஓரம்

காலையில் அரைகுறையாகத் தானே நடந்தவர் பத்து மணிக்கு எல்லாவற்றுக்கும் நம்மைச் சார்ந்தவர் ஆனார், இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகப்போகிறார். ஓரம் சொன்ன மூன்று விதமும் ஒரே நோயாளியிடம் மாறி மாறி வருவதைப் பாருங்கள். இதைக் கேஸ் பிரசன்டேஷனில் தேதி போட்டுக் காட்டினால் தியரி அப்ளிகேஷன் என்று தனியாக ஒரு ஸ்லைடே தேவைப்படாது.

கடைசி நாள் பாதப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “வீட்டுல பாதத்தை எப்படிப் பார்ப்பீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க ஐயா” என்று கேளுங்கள். அவர் குனிந்து பார்ப்பார், அடிப்பாதம் தெரியாது, மனைவியைப் பார்ப்பார். அந்த அம்மா தையல் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியைச் சொல்வார். அதைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்துத் தினமும் ராத்திரி கடை மூடும்போது பாதத்தைக் காட்டிப் பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். மெஷினுக்கு மோட்டார் வைக்க முடியுமா, மிதியை இடது காலுக்கு மாற்ற முடியுமா, எப்படியானாலும் வெறுங்கால் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். புண் ஆறி டாக்டர் சொல்லும்வரை வலது காலை மிதிமேல் வைக்கவே கூடாது என்பதை மட்டும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, அதை டிஸ்சார்ஜ் நோட்டில் எழுதுங்கள்.